பல்லி வாலும் கேக்காத வாய்ஸ் மெசேஜும்

கம்ப்ரசர் சத்தம் இப்பவும் காதுக்குள்ள இருக்குதுங்க... கூடவே பல்லுல நறநறன்னு கல்லுமாவு. போர்வெல் போடற வண்டியில வேல பாத்தவங்களுக்கு அந்த ருசி தெரியும்.

அப்ப நான் ஒரு போர் வண்டிக்கு மேனேஜர். மேனேஜர்னா பெருசா நெனச்சுக்காதீங்க. ஆளுங்களுக்கு டீ வாங்கறது, தோட்டக்காரங்ககிட்ட பேசறது, நாள் பூரா போனு. வண்டி ஓடறப்ப போன காதுல வெச்சா ஒரு எழவும் கேக்காது. ஹெட்செட் மாட்டினாத்தான் ஆவும்.

புதுசா வாங்கின போன்ல ஹெட்செட் ஓட்டையே இல்ல! சார்ஜ் போடற எடத்துல ஒரு குட்டி ஒயர சொருவி, அதோட வாயில ஹெட்செட்ட சொருவணும். கடையில டாங்கிள்னாங்க. எங்க டிரில்லர் மாதையண்ணன் வெச்ச பேரு பல்லி வாலு. "தம்பி, உன் பல்லி வாலு கீழ கெடக்குது பாரு"ம்பாரு, தெனமும்.

தூசி பட்டா அந்த வாலுக்குக் கிறுக்குப் புடிச்சிடும். ஒரு பக்கமா வளைச்சுப் புடிச்சாத்தான் பேசும்.

எம் பொண்டாட்டி கவிதா தலைப்பிரசவத்துக்கு அவங்கம்மா வூட்டுக்குப் போயிருந்தா... கொள்ளேகால் பக்கம். தமிழ்க் குடும்பம்தான், ஆனா அங்க எல்லாரும் படிச்சது கன்னடம். பிபி ஏறுது, பாத்துக்கோங்கன்னு டாக்டர் சொல்லியிருந்தாங்க. தேதிக்கு இன்னும் நாள் இருக்குதே, இந்த ஒரு போர முடிச்சுட்டுக் கெளம்பிடலாம்னு நான்தான் இருந்துட்டேன். நல்லம்பள்ளி தாண்டி ஒரு தக்காளித் தோட்டம்.

காலையில டீ குடிச்சு முடிக்கல... மச்சான் சதீஷ்கிட்டருந்து வீடியோ கால்.

எடுத்தேன். ஆஸ்பத்திரி செவரு தெரியுது. மச்சான் மூஞ்சி தெரியுது. வாய் அசையுது...

சத்தமே இல்ல.

வால வளைச்சுப் பாத்தேன், திருப்பிப் பாத்தேன். ம்ஹூம். உருவிப் போட்டுட்டு ஸ்பீக்கர்ல வெச்சா அதுவும் ஊமை. ஸ்கிரீன்ல மேல பாக்கறேன், ஹெட்செட் படம் அப்படியே நிக்குது! ஓட்டைக்குள்ள என்ன தூசி போச்சோ, வாலு இன்னும் மாட்டியிருக்குதுன்னே நெனச்சுக்கிட்டு இருக்குது அந்தச் சனியன் புடிச்ச போனு.

அந்த நேரம் பாத்து மச்சான் கண்ணத் தொடைக்கறான்.

எதுக்கு அழுவறான்? "அக்கா எங்கடா? என்னடா ஆச்சு?"ன்னு தொண்ட கிழிய கத்தறேன். அவன் என்னமோ சொல்றான், நான் கையக் கைய ஆட்டறேன்... கால் கட்டாயிடுச்சு.

போன ஆஃப் பண்ணி ஆன் பண்ணேன். ஊதினேன். ஊக்கால நோண்டினேன். அந்தப் படம் போவவே இல்ல. இங்கிலீஷ் எழுத்துல "டைப் பண்ணு"ன்னு அனுப்பிச்சேன்.

வந்தது என்ன தெரியுமா? ஒரு வாய்ஸ் மெசேஜ்! அதுக்குக் கீழ கன்னடத்துல ஒரு வரி. பதட்டத்துல அவனுக்குக் கைக்கு வந்தது அதுதான். எனக்குக் கன்னடம் காதுல அரைகொறையா ஏறும், எழுத்து சுத்தமாத் தெரியாது.

தோட்டக்காரர் ராமண்ணா வூட்டுல கன்னடம்தான் பேசுவாங்க. ஓடிப்போய்க் காட்டினேன். கண்ணச் சுருக்கிப் பாத்தார்.

"நாங்க பேசத்தான் செய்வோம் தம்பி... படிச்சது இந்த ஊரு இஸ்கூல்லங்க. எழுத்து வராது."

மாதையண்ணன் போன வாங்கிக் கூப்பிட்டேன். மச்சான் எடுக்கல. சரின்னு அந்த மெசேஜ அவர் போனுக்கே தள்ளிவிட்டேன். வந்து சேந்துடுச்சு... ஆனா வண்டி ஓடிக்கிட்டு இருக்குதே! காதுல வெச்சு அமுத்துனா கம்ப்ரசர்தான் கேக்குது.

தூரமா ஓடிப்போய்க் கேட்டிருக்கலாமேன்னு நீங்க கேப்பீங்க. காலு வரலைங்க. தனியாக் கேக்கறதுக்கு எனக்குத் தெகிரியம் இல்ல. போனக் கையில புடிச்சுக்கிட்டு வண்டிகிட்டயே நிக்கறேன்.

ராமண்ணா என் மூஞ்சியப் பாத்தார். நேரா மாதையண்ணன்கிட்ட போய்க் கையத் தூக்கி, "வண்டிய நிறுத்துங்க"ன்னார்.

"ஈரம் தட்டுதுங்க, இப்பப் போய்..."

"தண்ணி பூமிக்குள்ளதான இருக்குது, எங்க ஓடிடப் போவுது? மொதல்ல அந்தத் தம்பி வூட்டுச் சேதியக் கேளுங்க."

கடன் வாங்கிப் போர் போடற மனுசன் சொன்ன வார்த்தைங்க அது.

கம்ப்ரசர் அடங்கிச்சு. எல்லாரும் சுத்தி நின்னாங்க. மாதையண்ணன்தான் பட்டனத் தட்டினார்.

"மாமா... ஏன் மாமா பேசவே மாட்டேங்கறீங்க..." அதுக்கப்புறம் அழுவையோட கடகடன்னு கன்னடம். எனக்கு ஒரு வார்த்தையும் ஏறல. காது அடைச்சிடுச்சு. ராமண்ணா மூஞ்சியையே பாத்துக்கிட்டு நின்னேன். அவர் வாய் மெல்ல விரிஞ்சுது.

"பொம்பளப் புள்ள தம்பி! தாயும் புள்ளையும் சொகமா இருக்காங்களாம்!"

அட நாயே... சந்தோசத்துலயாடா அழுத!

மெசேஜ் முடியற எடத்துல "ஙா"ன்னு ஒரு சின்னச் சத்தம். "அண்ணா, திரும்பப் போடுங்கண்ணா"ன்னு சொல்லிட்டு அந்தச் சேத்துலயே உக்காந்து அழுதேன். வெக்கமே படல.

சாயங்காலம் அந்தத் தோட்டத்துல தண்ணியும் வந்துச்சு. ரொம்ப இல்ல, தக்காளிக்குப் போதும்னார் ராமண்ணா.

இப்ப ஒயரும் இல்ல, வாலும் இல்ல. டப்பாவத் தொறந்தா காதுல வெக்கற பட்ஸ் தானா போனோட சேந்துக்குது. ஆனா பாருங்க, யாரு கூப்பிட்டாலும் இன்னிக்கும் எடுத்ததும் ஹலோன்னு கூடச் சொல்ல மாட்டேன். "கேக்குதா, கேக்குதா"ன்னுதான் ஆரம்பிப்பேன். ஆளுங்க கிண்டல் பண்றாங்க.

எம் பொண்ணு இப்ப ஸ்கூலுக்குப் போறா. என்னப் பாத்துப் பாத்து அவளுக்கும் அதே பழக்கம். நான் எந்த ஊருல வண்டியோட நின்னாலும் சாயங்காலம் கூப்பிடுவா. சாப்டீங்களா, எப்ப வருவீங்க எல்லாம் அப்புறம்தான்.

"அப்பா... நான் பேசறது கேக்குதா?"

கேக்குது சாமி... நல்லாக் கேக்குது.