பஸ்ஸில் ஏறி அளந்த ஊர்

"உங்க ஊர் சின்னது மேடம்" என்று அவர் போனில் சொன்னபோது நான் ஒன்பதாம் வகுப்பு விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். மக்கள்தொகை அதிகமுள்ள ஐந்து பெருநகரங்களை வரிசைப்படுத்துக என்பது கேள்வி. டோக்கியோவையும் டெல்லியையும் பிள்ளைகள் மேலும் கீழுமாக மாற்றி எழுதியிருந்தார்கள். மாற்றி எழுதியவர்களுக்கெல்லாம் சிவப்பு மையில் பெருக்கல் குறி போட்டுக்கொண்டே வந்தவள், போனை வைத்ததும் பேனாவை மூடிவிட்டேன். அன்றைக்கு அதற்கு மேல் திருத்த ஓடவில்லை.

பேசியவர் சென்னையில் ஓர் அறக்கட்டளையில் வேலை பார்ப்பவர். மனவளர்ச்சி குன்றிய இளைஞர்களுக்கு வேலை கற்றுக்கொடுத்து, அங்கேயே சம்பளமும் கொடுக்கும் மையங்களை அவர்கள் ஊர் ஊராகத் திறந்துவந்தார்கள். அந்த வருடம் எங்கள் பக்கத்துக்கு ஒன்றே ஒன்று. போட்டியில் இரண்டு ஊர்கள். ஒன்று புதுச்சேரி, இங்குள்ள அம்மாக்கள் சார்பில் நான்தான் விண்ணப்பித்திருந்தேன். இன்னொன்று தமிழ்நாட்டுப் பக்கம் ஒரு நகராட்சி, பெயர் வேண்டாம். எந்த ஊரில் மக்கள்தொகை அதிகமோ அந்த ஊருக்கு மையம் என்பது அவர்கள் வைத்திருந்த விதி.

என் மகளுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. பதினெட்டு வரை சிறப்புப் பள்ளிக்குப் போனாள். அதற்கு மேல் வைத்துக்கொள்ள முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், இடத்துக்காகச் சின்னப் பிள்ளைகள் காத்திருந்தார்கள். அதன்பிறகு வீடுதான். ஆனால் பள்ளி முடிந்துபோனதை அவள் ஒப்புக்கொள்ளவே இல்லை. தினமும் காலையில் குளித்து, துப்பட்டாவுக்கு சேஃப்டி பின் குத்தி, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, ரெட்டியார்பாளையத்தில் எங்கள் வீட்டு கேட் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவாள்.

நான் பள்ளிக்குக் கிளம்பும்போது கேட்பாள். "நான் எப்பம்மா வேலைக்குப் போவணும்?"

"சொல்றேன்டி."

தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் பார்த்துவிட்டு வரும் என் கணவர் பகலில் உள்ளே தூங்குவார். இவள் வெளியே உட்கார்ந்திருப்பாள். சாயங்காலம் நான் திரும்பும்போது பை கீழே இறங்கியிருக்கும், பின் மட்டும் குத்தியபடியே இருக்கும். வந்ததும் அதைக் கழற்றிவிடுவதுதான் எனக்கு முதல் வேலை. கழற்றும்போது யார் மேலாவது கோபப்பட வேண்டும்போல் இருக்கும். அன்றைக்குக் கோபப்பட ஆள் கிடைத்துவிட்டார்.

எப்படிச் சின்ன ஊர் என்று நானே உட்கார்ந்து பார்த்தேன். விஷயம் சப்பென்று இருந்தது. அவர் புதுச்சேரி நகராட்சியின் கணக்கை மட்டும் எடுத்திருந்தார். கடற்கரையிலிருந்து நெல்லித்தோப்பு பக்கம் வரைக்கும் உள்ள ஊர் அது. அதை ஒட்டிக்கொண்டே உழவர்கரை நகராட்சி தொடங்கிவிடுகிறது. எங்கள் ரெட்டியார்பாளையம் அதில்தான் வருகிறது. கடைசியாக எடுத்த மக்கள்தொகைக் கணக்கில் உழவர்கரையில் இருப்பவர்கள் புதுச்சேரி நகராட்சியில் இருப்பவர்களைவிட அதிகம். ஊரில் பாதிக்கு மேல் வெட்டி எறிந்துவிட்டு, மிச்சத்தைப் பார்த்து "சின்னது" என்கிறார் மனுஷர்.

அவரை மட்டும் சொல்லிப் பயனில்லை. நானே வீட்டு வரியை உழவர்கரைக்குக் கட்டிவிட்டு, யார் கேட்டாலும் "பாண்டி" என்றுதான் சொல்வேன். பஸ் ஏறும்போது மட்டும் "டவுனுக்குப் போறேன்" என்போம், ஏதோ நாங்கள் காட்டில் இருப்பதுபோல. அந்த இன்னொரு ஊரைப் பார்த்தால் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. அங்கே சுற்றுப்பட்டுக் கிராமங்களை எல்லைக்குள் இழுத்துப்போட்டு நகராட்சியைப் பெரிதாக்கியிருந்தார்கள். வரைபடத்தில் பார்த்தால் பாதி பச்சை. "வயலையும் எலியையும் சேத்து எண்ணுனாங்களா?" என்று கத்தினேன்.

தூக்கத்திலிருந்து எழுந்து வந்த என் கணவர், "ஊரு எங்க முடிஞ்சா இன்னா? நீ கத்துனா சென்னைல கேட்டுருமா?" என்றார்.

"கேக்க வெக்கிறேன்" என்றேன்.

மறுநாள் அறக்கட்டளைக்காரருக்குப் போன் போட்டேன். பொறுமையாகத்தான் கேட்டார். கடைசியில், "மேடம், எனக்கு பாண்டிச்சேரி தெரியாதா? மாசம் ஒரு தடவை ஃபேமிலியோட வர்றேன். ஒரு காலைல நடந்தே முடிச்சிடலாமே" என்றார்.

எனக்குப் புரிந்துவிட்டது. சென்னைக்காரர்களின் பாண்டி அதுதான். மஞ்சள் சுவர் உள்ள நாலு தெரு, ஒரு கடற்கரை, ஒரு காபி, பத்துப் படம். அந்தத் தெருக்களைக் கூட்டிச் சுத்தம் செய்பவர்களும், ஹோட்டல் படுக்கை விரிப்பை மாற்றுபவர்களும், சமைப்பவர்களும் ராத்திரி எந்த ஊருக்குத் திரும்பிப் போகிறார்கள் என்று அவர் யோசித்திருக்க மாட்டார்.

"சார், நீங்க பீச்சுக்கு வந்திருக்கீங்க. எங்க ஊருக்கு இன்னும் வரல" என்றேன். "அடுத்த வாட்டி வர்றப்ப எனக்கு ஒரு மணி நேரம் குடுங்க. பஸ்ல கூட்டிட்டுப் போறேன். ஊரு முடிஞ்சிடுச்சின்னு தோணுற எடத்துல கையத் தூக்குங்க, எறங்கிடலாம். அதுதான் ஊருன்னா நானும் ஒத்துக்கறேன்."

சிரித்தார். ஆனால் வந்தார். அதற்காக இன்றைக்கும் அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு.

சனிக்கிழமை பஸ் ஸ்டாண்டில் காத்திருந்தோம். கணவருக்கு அன்றைக்குப் பகலிலும் ஷிப்ட் என்பதால் மகளையும் கூட்டிப்போக வேண்டியதாயிற்று. அவளுக்கு பஸ் என்றால் உயிர். அவர் வந்ததும் "வணக்கம் சார்" என்று சொல்லிவிட்டு, தன் பையை அவரிடம் காட்டினாள். அவர் நல்ல பை என்றார். வில்லியனூர் பஸ்ஸில் ஏறினோம். அவள் ஜன்னலோரம், நான் நடுவில், அவர் கூட்டத்தில் ஒட்டிக்கொண்டு விளிம்பில்.

நெல்லித்தோப்பு வந்தது. கடைமேல் கடை, கடைக்கு மேல் வீடு, மார்க்கெட் கூட்டம். கையைத் தூக்க அங்கே பேச்சே இல்லை. இந்திரா காந்தி சிலை சிக்னலில் பஸ் நெடுநேரம் நின்றது. நாலு பக்கமும் வண்டி. சிக்னலைத் தாண்டியதும் ஒரு காலி மனை வந்தது, அவர் கை லேசாக எழுந்தது. அடுத்ததாக ஒரு கல்யாண மண்டபம், அதன் பக்கத்தில் ஒரு ஆஸ்பத்திரி, அப்புறம் வரிசையாக நகைக்கடையும் டைல்ஸ் கடையும். கை இறங்கிவிட்டது. ரெட்டியார்பாளையம் வந்தபோது என் மகள், "சார், எங்க வீடு! உள்ள போவணும், ரெண்டாவது தெரு!" என்று கத்தினாள். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

"புதுச்சேரி நகராட்சி முடிஞ்சி ரொம்ப நேரமாவுது சார்" என்றேன். "எங்கன்னு பாத்தீங்களா?"

"இல்லை மேடம்."

"நானும் பாத்ததில்ல. பொறந்ததுலேர்ந்து இங்கதான் இருக்கேன்."

மூலகுளம் தாண்டியது. அரும்பார்த்தபுரம் மேம்பாலத்தில் பஸ் ஏறியபோது கொஞ்சம் வெட்டவெளி தெரிந்தது. இப்போது நிஜமாகவே கையைத் தூக்கினார். பள்ளிக்கூடப் பையன்போல அவர் கையைத் தூக்கியதைப் பார்த்து என் மகளும் தூக்கினாள். இறங்க இடமில்லாததால் வில்லியனூரில் போய் இறங்கி டீ குடித்தோம்.

ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு நின்றேன். அவர் டீயை ஆற்றியபடி கேட்டார். "சரி மேடம். பாலம் வரைக்கும் ஒரே ஊர்னு ஒத்துக்கறேன். ஆனா இந்த வில்லியனூர்லயும் வீடுங்க நெருக்கமாத்தான் இருக்கு. இதையும் சேர்க்கவா? சேர்த்தா அடுத்த ஊரை ஏன் விடணும்? இப்படியே போனா விழுப்புரமும் பாண்டிதான். என் கோடு தப்பா இருக்குன்னு சொல்றீங்க. உங்க கோடு எங்க இருக்கு?"

இருபது வருடமாகப் பெருநகரங்களை வரிசைப்படுத்தச் சொல்லி மார்க் போட்டவள் நான். டெல்லி என்றால் எந்த டெல்லி, டோக்கியோ என்றால் அதைச் சுற்றி எதுவரைக்கும் என்று ஒருநாளும் ஒரு பிள்ளையிடமும் கேட்டதில்லை. கோட்டைக் கொஞ்சம் இந்தப் பக்கம் போட்டால் ஒன்று முதலிடம், அந்தப் பக்கம் போட்டால் இன்னொன்று. மாற்றி எழுதிய பிள்ளைகள் தப்பாகவே எழுதியிருந்தார்கள் என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. அந்த டீக்கடையில்தான் எனக்கு உறைத்தது. ஆனால் தோற்றுப்போய் வீட்டுக்குப் போக நான் அங்கே வரவில்லை.

"என் இஷ்டத்துக்குக் கோடு வேணாம் சார். அரசாங்கக் கணக்குலயே ஒட்டிக் கெடக்குற ஊருங்கள ஒண்ணா சேத்து ஒரு கணக்கு வெச்சிருக்காங்க. அத எடுங்க. எங்களுக்கும் அதே, அந்த ஊருக்கும் அதே. அப்படிப் பாத்தும் நாங்க சின்னதுன்னா, நான் வாயத் தொறக்கல."

அவர் யோசித்தார். ரெண்டு ஊருக்கும் ஒரே அளவுகோல் என்பது நியாயம்தான் என்றார். திரும்பும் பஸ்ஸில் நடுவில் உட்கார்ந்த என் மகள் அவர் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். நாங்கள் இறங்கும் ரெட்டியார்பாளையம் வரும்வரை மனுஷர் அசையவில்லை.

ஒரு மாதம் கழித்து மையம் புதுச்சேரிக்கு என்று செய்தி வந்தது. சிறப்புப் பள்ளி அம்மாக்களின் வாட்ஸப் குழுவில் அன்றைக்கு முழுக்கப் பூவும் லட்டுமாக வந்து விழுந்தது. நான் அழுதேன். வெட்கமில்லாமல், கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டே அழுதேன்.

ரெட்டியார்பாளையத்திலேயே ஒரு மாடியை வாடகைக்குப் பிடித்தார்கள். கடற்கரைப் பக்கத்து ஹோட்டல்களின் துண்டு, விரிப்புகளைத் தேய்த்து மடித்துக் கட்டி அனுப்பும் வேலை. மடிப்பதில் என் மகளை அடித்துக்கொள்ள ஆளில்லை. விளிம்போடு விளிம்பு சேரவில்லை என்றால் பிரித்துவிட்டு மறுபடி மடிப்பாள். முதல் நாள் சாயங்காலம் நான் பின்னைக் கழற்ற கையை நீட்டியபோது, "நானே எடுத்துட்டேம்மா, வேலைல குத்துது" என்றாள். எனக்கு அது போதும் என்று இருந்தது.

போதவில்லை. திறப்பு விழாவுக்கு அந்தச் சென்னைக்காரர் வந்திருந்தார். கேசரி சாப்பிட்டுக்கொண்டே பேச்சுவாக்கில் சொன்னார். "அந்த ஊர்லயும் உங்கள மாதிரி ஒரு அம்மா மேடம். வாராவாரம் போன் பண்ணுவாங்க. அவங்ககிட்ட சொல்றதுதான் கஷ்டமா இருந்துச்சு."

கேசரித் தட்டைக் கீழே வைத்தேன். அந்த ஊரில் வயலும் எலியும்தான் இருக்கின்றன என்று நானே நம்பிவிட்டிருந்தேன்போல. ரெண்டு ஊரை ஒப்பிட்டால் ஒன்று சின்னதாகத்தான் ஆகும். ஆன பிறகு அந்தச் சின்ன ஊரில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நான் கேட்கவில்லை. நம்பர் வேண்டும் என்றேன். அந்த அம்மாவிடம் கேட்டுவிட்டுத் தருவதாகச் சொன்னவர், ரெண்டு நாளில் அனுப்பினார்.

இதமான குரல், என்னைவிடச் சின்ன வயது. நான் யார் என்று சொன்னேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

"உங்க பொண்ணு போறாளாக்கா வேலைக்கு?" என்றாள்.

"போறாம்மா."

"நல்லதுக்கா. எங்க ஊரு சின்னதுன்னு சொல்லிட்டாங்க. எங்க வீடு ஊருக்குக் கடைசி, சுத்தியும் நெலம். நகராட்சின்னு பேரு, பஸ்ஸு வராது. என் பையன் தெனம் குளிச்சி, பேண்ட் போட்டு, பெல்ட் கட்டிக்கினு வெளிய வந்து உக்காந்துக்குவான். எப்பம்மா போவணும்னு கேப்பான்."

வரைபடத்தில் நான் பார்த்துக் கத்திய பச்சைக்குள் அந்த வீடு இருந்திருக்கிறது. என்னால் உட்கார முடியவில்லை, போனைக் காதில் வைத்துக்கொண்டு நடந்துகொண்டே இருந்தேன்.

"உங்க ஊர்ல இந்த மாதிரி எத்தினி பேரு வீட்ல இருக்காங்கம்மா?"

"தெரியலக்கா. யாரு எண்ணுனாங்க?"

"நாம எண்ணுவோம். ஊர்ல எத்தினி பேருன்னு எண்ணித்தானே குடுக்குறாங்க? எத்தினி பேரு வீட்ல உக்காந்திருக்காங்கன்னு எண்ணிக் காட்டுவோம். அந்தச் சாரு நல்ல ஆளு, காட்டுனா பாப்பாரு. பாக்கலன்னா பாக்க வெக்கிறேன். ஞாயித்துக்கெழம பஸ் ஏறி வர்றேன்."

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் என் மகள் நின்றுகொண்டிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை, பஸ் என்ற ரெண்டும் காதில் விழுந்தால் அவளுக்கு மற்றதெல்லாம் தேவையில்லை.

"நானும் வரேன். எந்த ஊரும்மா?"

சொன்னேன்.

"பெரிய ஊரா, சின்ன ஊரா?"

"நம்ம ஊரு மாதிரிதான்டி" என்றேன். சரி என்று சொல்லிவிட்டு, ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் நாலு நாள் இருக்கும்போதே பையை எடுத்து வைத்தாள்.