அவனுக்குப் புரிந்ததா?

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து பள்ளிவாசல் படியில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது கார்த்தூமிலிருந்து அழைப்பு வந்தது. உஸ்மான் மவ்லானாவின் மகன் பேசினார். தந்தை காலையில் இறந்துவிட்டார், அடக்கமும் முடிந்துவிட்டது என்றார். ஒற்றைச் செருப்போடு வெயிலில் நின்றேன். கால் சுட்டது பிறகுதான் தெரிந்தது.

சூடானில் நீதிபதிகளை மவ்லானா என்றுதான் அழைப்பார்கள். மேற்கே ஒரு சிற்றூரில் இளம் நீதிபதியாகத் தொடங்கி, அந்த மாகாணத்தின் மூத்த நீதிபதியாக உயர்ந்து, பிறகு எங்களைப் போலவே ஒப்பந்தத்தில் வளைகுடாவுக்கு வந்தவர். எங்கள் நீதிமன்றத்தில் அவர் இருந்த காலம் முழுக்க நான்தான் தமிழ் மொழிபெயர்ப்பாளன். ஊர் மதரஸாவில் கற்ற என் அரபைக் கேட்டு, "உன் அரபு பழைய புத்தகத்திலிருந்து நேராக எழுந்து வந்திருக்கிறது, கொஞ்சம் தூசி தட்டு" என்பார். மற்றபடி அதிகம் சிரிக்காத மனிதர். அவரை அறிந்தவர்களுக்கு அந்த முகம் நினைவிருக்கும்.

வழக்கறிஞர்களை எரிச்சல்படுத்திய பழக்கம் ஒன்று அவரிடம் இருந்தது. குற்றத்தை ஒருவன் ஒப்புக்கொண்டால் உடனே பதிய விடமாட்டார். என்னைப் பார்த்து, "அவனுக்குப் புரிந்ததா?" என்பார். நான் சரியாகத்தான் சொன்னேன் என்று ஒருமுறை வெடுக்கென்று சொல்லிவிட்டேன்.

"நீ சொன்னதைக் கேட்கவில்லை. அவனுக்குப் புரிந்ததைக் கேட்கிறேன்" என்றார்.

அந்த வித்தியாசம் சின்னதுரை வழக்கில்தான் எனக்கு விளங்கியது. அவன் பெரம்பலூர்ப் பக்கத்துக் கட்டுமானத் தொழிலாளி. சாரத்தின் மேல் உடன் வேலை பார்த்தவனோடு வாய்த்தகராறு. அந்த ஆள் கீழே விழுந்து செத்துப்போனான். தள்ளிவிட்டதாகக் கொலை வழக்கு. கேட்டதுமே, "ஆமாங்கய்யா, நாந்தான் தள்ளுனேன்" என்றான் சின்னதுரை. முகத்தில் ஒரு நிம்மதி. மவ்லானாவுக்கு அந்த நிம்மதி பிடிக்கவில்லை. இதற்கு மரண தண்டனை கிடைக்கலாம் என்று சொல்லச் சொன்னார். சொன்னேன். கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"சாவாங்கய்யா? ஒத்துக்கிட்டா ஊருக்கு ஏத்தி விட்டுருவாங்க, கலாஸ், அத்தோட முடிஞ்சுதுன்னு ரூம்ல சொன்னாங்களே. நான் தொடவே இல்லீங்க. அவன் திரும்புறப்ப காலு வழுக்கிடுச்சு."

அந்நாளில் தொழிலாளர் கேம்ப்களில் இப்படியொரு சட்டம் புழங்கியது. எதுவானாலும் ஒப்புக்கொள், சீக்கிரம் விமானத்தில் ஏற்றிவிடுவார்கள். சின்னத் தப்புகளில் அது பலித்ததால் பெரிய குற்றத்துக்கும் அதையே நம்பினார்கள். சாட்சிகளை மவ்லானா மறுபடி அழைத்தார். தள்ளியதை யாருமே கண்ணால் பார்த்திருக்கவில்லை. சின்னதுரை விடுதலையானான்.

அன்று மகிழ்ச்சியோடு அவர் அறைக்குப் போனேன். ஓர் உயிர் பிழைத்ததே என்றேன். அவர் மகிழவில்லை. சூடானில் தன் முதல் ஊரில் நடந்ததை அப்போதுதான் சொன்னார். மலையிலிருந்து வந்த ஒருவன், அரபு தெரியாதவன், கொலையை ஒப்புக்கொண்டான். அவன் கூட்டத்தில் சண்டையை முடிக்க மூத்தவன் பழியை ஏற்பது வழக்கமாம். ஆமாம் என்கிறான் என்று அங்கிருந்த மொழிபெயர்ப்பாளர் சொன்னார், இவர் தீர்ப்பு எழுதினார். தூக்கிலிட்ட பிறகு உண்மையான கொலைகாரன் வேறு வழக்கில் அகப்பட்டான்.

"இன்னும் ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கலாம்" என்றார் மவ்லானா. "அதற்குப் பிறகும் பதவி உயர்வு தந்தார்கள். யாரும் என்னைக் கேட்கவில்லை."

மாலை மஃரிப் தொழுகைக்குப் பிறகு தினமும் அந்த மனிதனுக்காக இறைவனிடம் துஆ செய்வதாகச் சொன்னார். தன் பெற்றோருக்கும் முன்னால் அவன் பெயர். அந்தப் பெயரை எனக்கும் சொல்லிக்கொடுத்து, சரியாக உச்சரிக்கிறேனா என்று கேட்டுக்கொண்டார். ஏன் என்று எனக்கு அன்று விளங்கவில்லை.

இப்போது வேறு நீதிபதிகள். ஒருவன் ஒப்புக்கொண்டதும் பேனா எடுக்கிறார்கள். "நீதிபதி அவர்களே, அவனுக்குப் புரிந்ததா என்று கேட்கட்டுமா?" என்கிறேன். முகம் சுளிப்பவர்கள் சுளிக்கட்டும். அவரிடமிருந்து எனக்குக் கிடைத்தது அந்தக் கேள்வியும் ஒரு பெயரும்தான். அவர் போன அன்று மஃரிபுக்குப் பிறகு கையேந்தியபோது, தூக்கிலிடப்பட்ட அந்த மனிதனின் பெயரைத்தான் முதலில் சொன்னேன். அதற்குப் பிறகு உஸ்மான் என்றேன்.