ஆர்டிஸ் ப்ரெக்கியின் ஒன்பதாம் வழி

லமார் டிப்டனை இனி நான் ‘அவர்’ போட்டு எழுதப்போவதில்லை. டாக்டர் பட்டம், விருது, சுவரில் மாட்டிய படங்கள் எல்லாம் அவனுக்கு உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும். ஆர்டிஸைப் பற்றி நாலு வார்த்தை நல்லதாக எழுதலாம் என்று உட்கார்ந்தால், அந்தப் பாவியின் பெயர்தான் முண்டியடித்துக்கொண்டு முதலில் வருகிறது. என்ன செய்ய, வயிற்றெரிச்சல்.

நான் ட்வைலா. அயோவாவில் ஒரு பல்கலைக்கழகத்தின் கோழிப்பண்ணையைப் பார்த்துக்கொள்பவள். ஆர்டிஸ் ப்ரெக்கி அங்கே கோழி மரபியல் ஆராய்ச்சியாளர். இருவரும் ஏறக்குறைய ஒரே வயது, ஒரே சர்ச், ஒரே பிடிவாதம். அவள் என்னைவிட நல்லவள், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆர்டிஸின் அப்பா முட்டைப் பண்ணை வைத்திருந்தார். அவள் சின்னவளாக இருந்தபோது ஒரு கோடையில் கோழிகளுக்குக் கால் விழ ஆரம்பித்தது. ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே நீட்டிக்கொண்டு, கண் மட்டும் முழித்தபடி கிடக்கும். மேரெக்ஸ் நோய். பண்ணை போயிற்று, அப்பா மக்காச்சோள ஆலையில் கூலிக்குப் போனார். ஆனால் அந்த நாசத்துக்கு நடுவிலும் சில கோழிகள் ஒன்றும் நடக்காதது மாதிரி மண்ணைக் கிளறிக்கொண்டு திரிந்தன. ‘இதுக்கு மட்டும் ஏன் ஒண்ணும் ஆகல?’ என்று அவள் கேட்டாளாம். அந்தக் கேள்வியை அவள் கடைசிவரை விடவில்லை.

அவள் படித்து வருவதற்குள் நோய்க்குத் தடுப்பூசி வந்துவிட்டது. துறையில் எல்லாரும் சிரித்தார்கள். “ஊசி இருக்கும்போது இந்தம்மா எதுக்குக் கோழிக்கு ஜாதகம் பாக்குது?” என்று அவள் காதுபடவே கேட்டார்கள். ஊசி கோழியைச் சாகவிடாது, ஆனால் கிருமியைக் கொட்டகையை விட்டுத் துரத்தாது, உள்ளேயே இருந்து அது வருஷத்துக்கு வருஷம் வலுத்துக்கொண்டு வரும் என்று அவள் சொன்னாள். பிற்பாடு அதுதான் நடந்தது. சிரித்தவர்களில் ஒருத்தராவது வந்து ‘நீ சொன்னது சரி’ என்றாரா? மூச்!

அவளது முறை எளிது, ஆனால் கல்மனசு வேண்டும். ஒரே தாய் தகப்பனுக்குப் பிறந்த குஞ்சுகளில் பாதியை நோய்க்குக் கொடுப்பாள். எந்தக் குடும்பத்தின் குஞ்சுகள் தாக்குப்பிடிக்கின்றனவோ, அந்தக் குடும்பத்தின் மறுபாதியை அடுத்த தலைமுறைக்கு வைத்துக்கொள்வாள். வெளியிலிருந்து ஒரு சேவலோ ஒரு முட்டையோ உள்ளே வராது. இப்படியே முடி நரைக்கும்வரை செய்து அவள் உண்டாக்கிய வெள்ளைக் கோழிகளின் வம்சத்துக்குத்தான் ஒன்பதாம் வழி என்று பெயர்; வம்சத்தை எங்கள் தொழிலில் ‘வழி’ என்போம். ஊசி போடாமல் கிருமிக்கு நடுவில் விட்டாலும் கால் விழாது. ஏன் விழவில்லை என்பதில் பாதியைக் கண்டுபிடித்துவிட்டாள். மறுபாதி அந்தக் கோழிகளின் இரத்தத்துக்குள் இருந்தது.

இதில் ஒரு தலைவலி உண்டு. காளையின் விந்து மாதிரி கோழி முட்டையை உறையவைத்துப் பத்திரப்படுத்த முடியாது. கோழி உயிரோடு இருந்தால்தான் வழி உயிரோடு இருக்கும். அதனால் இந்தத் தொழிலில் ஒரு வழக்கம்: உன் வழியில் கொஞ்சத்தை இன்னொருவர் பண்ணையில் வளர்க்கக் கொடுப்பாய், அவருடையதை நீ வளர்ப்பாய். தீப்பிடித்தாலும் நோய் வந்தாலும் ஒரு பக்கம் மிஞ்சும். எல்லாம் வாய்வார்த்தைதான். ‘உன் கோழியின் இரத்தத்தைச் சோதித்துப் பார்க்கட்டுமா?’ என்று கேட்டால், வந்த விருந்தாளியின் பையைத் துழாவியது மாதிரி. யாரும் கேட்கமாட்டார்கள். ஆர்டிஸ் தன் ஒன்பதாம் வழியைக் கொடுத்துவைத்தது லமாரிடம். அவன் தெற்கத்தி ஆள், அங்கே கோழி ஆராய்ச்சிப் பண்ணை வைத்திருப்பவன், அவளோடு சேர்ந்து படித்தவன், அவள் கல்யாணத்தில் பாட்டுப் பாடியவன்.

எங்கள் பழைய கொட்டகையை இடித்துப் புதிதாகக் கட்ட வேண்டும் என்று டீன் ஏற்கெனவே இருமுறை கிளப்பியபோது ஆர்டிஸ் மல்லுக்கு நின்று தடுத்தாள். மூன்றாம் முறை கிளப்பிய வருஷம், கோழிக்காரர்கள் கூடும் குளிர்கால மாநாட்டில் லமார் எங்கள் மேசைக்கு வந்து உட்கார்ந்தான். கோழி ஆராய்ச்சிக்காரர்கள் கூடினாலும் தட்டில் கோழிப் பொரியல்தான். அவன் ஒரு காலைக் கடித்துக்கொண்டே சொன்னான்.

“இந்தத் தடவை விட்டுரு அம்மணி. எத்தனை நாளைக்கு அந்த ஓட்டைக் கொட்டகைக்காக மாரடிப்ப?”

“கோழிங்க இருக்கே லமார்.”

“என்கிட்டயும்தான் இருக்கு. ராஜாத்தி மாதிரி வச்சிருக்கேன். நீ புதுக் கட்டடம் வாங்கு, முட்டையை நானே மடியில வச்சுக் கொண்டாரேன்.”

“உன் மடியில வச்சா பொரிக்காது, அவிஞ்சுபோயிரும்” என்றேன் நான். மூவரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

ஆர்டிஸ் சம்மதித்தாள். கொட்டகை இடிந்தால் கோழிகளை வைக்க இடம் கிடையாது; அவற்றை வாயு வைத்துக் கொல்லும் வேலையை வெளியாட்களிடம் விடமாட்டேன் என்று அவளே வந்தாள். நான் கோழிகளைப் பிடித்துக் கொடுக்க, ஒவ்வொன்றின் இறக்கையில் மாட்டியிருந்த எண்ணையும் சத்தமாக வாசித்துவிட்டு அவளே பெட்டிக்குள் இறக்கினாள். “லமார்கிட்ட இருக்கு ட்வைலா” என்று எனக்கு ஆறுதல் சொன்னதே அவள்தான். நான்தான் மூக்கைச் சிந்திக்கொண்டு நின்றேன்.

புதுக் கட்டடம் வந்தது. முட்டை வரவில்லை. முதலில் கோழிகள் இறகு உதிர்க்கின்றன என்றான். அப்புறம் அந்தப் பக்கம் பறவைக் காய்ச்சல், முட்டையை வெளியே அனுப்பத் தடை என்றான். ஆர்டிஸ் எல்லாவற்றையும் நம்பினாள். எனக்கே எரிச்சல் வந்து, “மனுஷன் ஏதோ மழுப்புறான்” என்றேன். “அவனை எனக்குத் தெரியும்” என்று என் வாயை அடைத்தாள்.

ஒருவழியாக முட்டைகள் வந்தன, பொரித்தன. ஆர்டிஸ் குழந்தை மாதிரி குதித்தாள். அவளுக்கு ஒரு பழக்கம், பொரித்த குஞ்சு ஒவ்வொன்றின் இறக்கையிலிருந்தும் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துச் சோதித்துவிடுவாள். ஒன்பதாம் வழியில் எல்லாக் குஞ்சுக்கும் ஒரே இரத்த வகை. மருந்துச் சொட்டோடு கலந்தால் அத்தனை இரத்தமும் பால் மாதிரி திரிய வேண்டும். அன்றைக்கு ஒன்று திரிந்தது, அடுத்தது திரியவில்லை. மருந்து கெட்டுப்போயிருக்கும் என்று புதுக் குப்பியைப் பிரித்தாள். அதிலும் அதே கதை. நாற்காலியை இழுத்து உட்கார்ந்து லமாருக்குப் போன் போட்டாள். நானும் கேட்கட்டும் என்று ஒலிபெருக்கியில் வைத்தாள்.

“லமார், இந்தக் குஞ்சுல வெளி இரத்தம் இருக்கு.”

“குஞ்சு சரியா பொரிக்கலை ஆர்டிஸ். வழியே அத்துப்போற மாதிரி இருந்துச்சு. ஒரு கம்பெனிச் சேவலை உள்ள விட்டேன். அவங்கதான் எனக்குக் கொட்டகை கட்டிக் கொடுத்தவங்க.”

“எப்போ?”

“ரொம்ப வருஷம் ஆச்சு.”

“கலப்பில்லாதது ஒண்ணு கூடவா மிஞ்சல?”

“இல்ல.”

“என்கிட்ட கேட்டிருந்தா வண்டியோட முட்டை அனுப்பியிருப்பேனே. எங்கிட்ட அப்போ கொட்டகை நிறையக் கோழி இருந்துச்சே லமார்.”

“அதுக்குள்ள ஒன்பதாம் வழிங்கற பேருலயே ஆராய்ச்சிக் கட்டுரையெல்லாம் போட்டுட்டேன். எப்படிச் சொல்றது? உங்க டீன் என்கிட்ட அபிப்பிராயம் கேட்டப்பவாவது சொல்லியிருக்கணும்...”

“டீன் உன்கிட்ட கேட்டாரா?”

“ஒன்பதாம் வழி ஒரு இடத்துல இருந்தா போதுமான்னு கேட்டார். போதும்னு சொன்னேன்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “அடப்பாவி! அவ கோழி உசுரோட இருந்தா உன் குட்டு உடைஞ்சிரும்னுதானே அதையும் கொல்லச் சொன்ன?” என்று போனைப் பார்த்துக் கத்தினேன். அவன் இல்லை என்று சொல்லவில்லை. “மன்னிச்சிரு ஆர்டிஸ்” என்றான். அவள் மன்னிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. “என் கையாலயே கொன்னேன் லமார்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.

நான் வாயில் வந்தபடியெல்லாம் அவனை ஏசிக்கொண்டு அறைக்குள் நடந்தேன். ஆர்டிஸ் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

“ட்வைலா, அன்னைக்கு நீ ஒரு கோழியையாவது ஒளிச்சு வீட்டுக்குக் கொண்டுபோனியா?”

ஆராய்ச்சிக் கோழியை வெளியே எடுத்துப்போவது எங்கள் தொழிலில் மகாபாவம். வீட்டில் ஒரு நாட்டுக்கோழி வளர்ப்பதற்கே எங்களுக்கு அனுமதி கிடையாது, நோயைச் சுமந்துவருவோம் என்று. அப்படி ஒரு கோழியை எடுத்துப்போனவன் ஒருவனை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியவள் ஆர்டிஸ். அவளேதான் இப்போது என் முகத்தைப் பார்த்துக் கேட்கிறாள்.

“எடுத்திருந்தா சொல்லு. நான் கோவிச்சுக்கவே மாட்டேன். ஒரு பெட்டை, ரெண்டு முட்டை, எதுவா இருந்தாலும் சரி.”

“இல்ல ஆர்டிஸ். நீ சொன்ன மாதிரியே எல்லாத்தையும் கொடுத்துட்டேன்.”

“ஒண்ணு கூடவா இல்ல?”

“ஒண்ணு கூட இல்ல.”

அவள் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். “உன்னை நம்பி எந்த வேலையையும் விடலாம்னு எனக்குத் தெரியும்” என்றாள். ஒரு முட்டையைக்கூடத் திருடத் துணியாத என்னை, அதற்குப் பதில் அவள் செருப்பால் அடித்திருக்கலாம்.