கடற்கரையில் எடுத்த இரண்டு பிளேட்டுகள்

மயிலாப்பூரில் அந்த நாளில் காமிரா வைத்திருந்த வக்கீல்கள் எல்லோரும் கலைஞர்கள். என் நண்பர் அவர்களில் கொஞ்சம் பெரிய கலைஞர். படம் பிடிப்பதோடு அவர் கலை முடிந்துவிடும். கை நனைகிற வேலை என்னுடையது.

பத்திரிகை ஆபீசுக்கு லீவு விட்ட நாட்களில் அவர் வீட்டு ஸ்நான அறை ஜன்னலைக் கம்பளியால் மூடி, சிவப்பு விளக்கின் முன் குந்தியிருப்பேன். வெயில் காலத்தில் மருந்துத் தட்டைச் சுற்றி ஐஸ் வைக்காவிட்டால், தாளின் மேல்பூச்சு பாலாடை போலக் கழன்று வரும். வியர்வை சொட்டினால் அந்த இடத்தில் கறை. ஆனாலும் வெள்ளைத் தாளில் முதலில் ஒரு புருவம், பிறகு ஒரு தோள் என்று எழுந்து வருமே, அதற்காக எந்த வக்கீலையும் பொறுத்துக்கொள்ளலாம்.

ஒரு காலை சாந்தோம் கடற்கரையில், கட்டுமரத்தின் மேல் நின்ற மீனவ இளைஞன் ஒருவனைப் படம் பிடித்தார். இளவெயில் முகத்தில் விழ, அவன் காமிராவைப் பார்த்துச் சிரித்துவிட்டான்.

"கல்யாண போட்டோவாடா இது? அந்தாண்ட திரும்புடா!"

வக்கீல் மறுபக்கம் போய், எதிர்வெயிலில் இன்னொரு கண்ணாடி பிளேட்டில் எடுத்தார். பக்கத்தில் மீன் பிரித்துக்கொண்டிருந்த அவன் தாய் மகன் படத்தில் ஒரு காப்பி கேட்டாள். தலையாட்டினார்.

இரண்டையும் கழுவியவன் நான். நெகட்டிவ் அல்லவா, முதல் பிளேட்டில் அவன் பற்கள் கறுப்பாக வரிசையாய்த் தெரிந்தன. இரண்டாவதுதான் கண்காட்சியில் பரிசு வாங்கியது. தகதகக்கும் வானம், நடுவில் கரிக்கட்டையாய் ஒரு மனிதன். 'உழைப்பு' என்று பெயர் வைத்திருந்தார்.

அந்த இளைஞன் அரிசி மில் வேலைக்கு ரங்கூனுக்குக் கப்பலேறினான். தாய் மீன் கூடையைத் தெருமுனையிலேயே வைத்துவிட்டு, கேட்ட காப்பிக்காக வக்கீல் வீட்டுக் கொல்லைப்புறம் வந்து நின்றாள். வக்கீல் தாராளமாகப் பரிசுப் படத்தின் காப்பி ஒன்றை நீட்டினார்.

"இன்னா சாமி, எம் புள்ளயக் கேட்டா காக்காவக் குடுக்கிறே?"

"அது கலை. உனக்குப் புரியாது."

"கலைய நீயே வெச்சிக்கோ. மூஞ்சி எங்க கீது?"

அவளை இருக்கச் சொல்லிவிட்டு நான் உள்ளே போனேன். அட்டைத் துண்டைக் கம்பியில் செருகி, முகத்தின் மேல் மட்டும் வெளிச்சம் குறைவாக விழும்படி ஆட்டி ஆட்டி அச்செடுத்தேன். கறுப்பு முகம் சாம்பல் முகமானது, அவ்வளவுதான். பிளேட்டில் முகம் இருந்த இடம் வெறும் கண்ணாடி. இல்லாத கண்ணை எந்த மருந்தும் வரவழைக்காது.

முதல் பிளேட் எங்கே என்று கேட்டேன்.

"அதுவா? சிரிச்சுக் கெடுத்தானே, அதை எதுக்கு ஓய் வெச்சுக்கணும்? வெந்நீர்ல போட்டுச் சுரண்டிட்டேன். நல்ல கண்ணாடி, வீணாக்குவானேன்?" கூடத்துச் சுவரில் சட்டமிட்டு மாட்டியிருந்த பரிசுப் படத்தைக் காட்டினார். "அந்தக் கண்ணாடியைத்தான் அதுக்கு மேல போட்டிருக்கேன், பாரும். அளவு கச்சிதம்."

துளி அழுக்கில்லாமல் சுரண்டியிருந்தார். அவர் கையால் செய்த ஒரே இருட்டறை வேலை அதுதான்.

கொல்லைப்புறம் போனேன்.

"வந்துச்சா சாமி?"

"வரல்லே. இன்னொரு பிளேட் இருந்தது. அழிச்சுட்டார்."

அவள் கூடத்தின் பக்கம் ஒருமுறை பார்த்தாள்.

"ரங்கூன்ல போட்டோ புடிக்கிறவன் இருப்பானா?"

"இருப்பான்."

"அவனாச்சும் மூஞ்சியப் பாத்துப் புடிப்பானா?"

பதிலுக்கு நிற்காமல் தெருமுனைக்குப் போனாள். 'உழைப்பு' காப்பி துவைக்கிற கல்லின் மேல் கிடந்தது.