இரண்டாவதுதானே

அண்ணியின் இரண்டாவது பிரசவத்துக்கென்று அம்மா துவைத்துக் காயப்போட்டிருந்த மஞ்சள் சட்டை இன்னும் என் கண்ணில் நிற்கிறது. மூத்த மகள் பிறந்தபோது போட்ட சட்டை. கோலார் தங்கவயலின் நந்திதுர்க்கில், சுரங்கத் தொழிலாளர்களுக்குக் கட்டிய எங்கள் லைன் வீட்டு வாசலில், அது கொடியில் ஆடிக்கொண்டிருக்க, பக்கத்தில் இடுப்பைப் பிடித்தபடி அண்ணி நின்றிருந்தார். எட்டாம் மாதத்திலேயே வயிறு அவரைப் பின்னால் சாய்த்திருந்தது. தண்ணீர் பிடிக்க வரும் பெண்கள் ஆளுக்கொன்று சொல்வார்கள். இரட்டைக் குழந்தை என்பார் ஒருத்தர், வெறும் நீர் என்பார் இன்னொருத்தர். அண்ணி பதில் சொல்வதை நிறுத்தி வெகுநாளாகியிருந்தது.

முதல் குழந்தை சிறியது. ஆனாலும் ஒரு பகலும் ஓர் இரவும் அண்ணியை வாட்டிவிட்டுத்தான் பிறந்தது. பட வேண்டிய பாடு அதோடு தீர்ந்தது, இந்த முறை சிரமம் இருக்காது என்பதில் வீட்டில் யாருக்கும் சந்தேகமில்லை. குழந்தை பெரிதாக இருப்பதுபோல் தெரிகிறது, சர்க்கரையை ஒருமுறை பார்த்துவிடலாம் என்று ராபர்ட்சன்பேட்டை டாக்டரம்மா சொல்லியிருந்தார். அண்ணன் விடிவதற்குள் பெங்களூர் ரயிலைப் பிடித்து, இருட்டிய பிறகு திரும்புபவர். அவருக்கு லீவு கிடைக்கும்போது பார்க்கலாம் என்று அது தள்ளிப்போனது. முதல் தடவை போல இல்லை, மூச்சே விட முடியவில்லை என்று அண்ணி ஒருநாள் அம்மாவிடம் சொன்னார். அம்மா அரிசி களைந்துகொண்டே, "ரெண்டாவதுதானேம்மா. வழி பழகிடிச்சி. தானா வந்துடும்" என்றாள். நான்கு பிள்ளைகள் பெற்றவள், தனக்கு நடந்ததைத்தான் சொன்னாள்.

வலி ஒரு முற்பகலில் வந்தது. அம்மா சொன்னபடி வேகமாகத்தான் வந்தது. ஆட்டோ ராபர்ட்சன்பேட்டை நர்சிங் ஹோம் வாசலை அடைந்தபோது அண்ணியால் இறங்கக்கூட முடியவில்லை. உள்ளே போன கொஞ்ச நேரத்தில் தலை வெளியே வந்துவிட்டதாக ஆயா வந்து சொன்னார். அம்மா கும்பிட்டாள். ஆனால் அழுகுரல் கேட்கவில்லை. தோள் சிக்கிக்கொண்டிருந்தது. கதவுக்குப் பின்னால் டாக்டரம்மாவின் குரல் மட்டும் கேட்டது: காலை மடக்குங்க, இன்னும் நெஞ்சுக்கு மேல கொண்டு வாங்க, இங்க அமுக்குங்க. அண்ணி கத்தவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

ஒருவழியாகக் குழந்தை பிறந்தது. நாலு கிலோவுக்கு மேல் எடை. அம்மா கொண்டுபோன சட்டை அவன் தோளுக்கு மேல் ஏறவில்லை. அதைவிட, வலது கை துவண்டு தொங்கியது. தோளை எடுக்கும்போது நரம்பு இழுபட்டுவிட்டது, பயிற்சி கொடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும் என்றார்கள். அந்தப் பயிற்சிக்காக வாரந்தோறும் கோலாருக்குப் பஸ். மடியில் ஒன்று, இடுப்பைக் கட்டிக்கொண்டு இன்னொன்று. வீட்டில் ஒவ்வொரு முறை பால் கொடுத்த பிறகும் அண்ணி அந்தச் சின்னக் கையை மெதுவாகத் தூக்கி இறக்குவார். பல நாள் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுவார், குழந்தையின் கை அவர் கைக்குள்ளேயே இருக்கும். பையன் நடக்கும் வயதில் கை ஏறத் தொடங்கியது. முழுக்க ஏறவேயில்லை.

பிறகு மூன்றாவது. யாரும் திட்டமிட்டதில்லை. தண்ணீர்க் குழாயடியில் இப்போது வேறு பாட்டு: ஒன்றைவிட ஒன்று பெரிதாகத்தான் இருக்கும், இது எப்படி வரப்போகிறதோ. அண்ணி ஒரே ஒருமுறை வாயைத் திறந்தார். "ஆளுக்கு ஒண்ணு சொல்றீங்க. வயித்துல கீறது யார் சொல்றதயும் கேக்கறதில்ல." அன்று இரவே அண்ணனிடம் லீவு போடச் சொன்னார். கேட்கவில்லை, சொன்னார். கோலாரில் பார்த்ததில் சர்க்கரை இருந்தது. சோற்றைக் குறைத்து, ஊசி போட்டுக்கொண்டு, கடைசியில் ஆபரேஷனுக்கும் தலையாட்டினார். மூன்றாவது குழந்தை இரண்டாவதைவிடச் சிறியது, குறையில்லாதது. துணியில் சுற்றிக் கொடுத்ததை வாங்கிப் பார்த்த அம்மா, "இன்னாம்மா, இவ்ளோ சின்னதா கீது" என்றாள். அண்ணிக்குக் கோபம்கூட வரவில்லை. "அத்தே, நான் கொஞ்சம் தூங்கறேன்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இப்போது எனக்கு இரண்டாவது, எட்டாம் மாதம். பெங்களூரில் இருக்கிறேன். அம்மா போனில், ரெண்டாவதுதானே என்று தொடங்கினாள். அண்ணி போனை வாங்கி, "சக்கர பாத்தியா?" என்றார். பார்த்தேன், இல்லை என்றேன். "சரி. நான் வரேன். பொறக்கற வரைக்கும் கூட கீறேன்."

நேற்றுப் பகல் வந்தார். துணைக்கு வந்த அந்த இரண்டாவது மகன் பையை இடது கையில் தூக்கி வந்தான். இப்போது அண்ணியைவிட உயரம். எனக்குப் பணிவிடை செய்ய வந்தவர், காப்பி போட்டு எடுத்து வருவதற்குள் என் கட்டிலிலேயே உறங்கிப்போயிருந்தார். காலைக்கூட நீட்டியிருக்கவில்லை. போன் அடித்தது. அண்ணி வந்துவிட்டாளா, கொடு என்றாள் அம்மா. நான் கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்து, "தூங்கறாங்கம்மா, எழுப்ப மாட்டேன்" என்றேன்.