அத்திம்பேரின் எட்டு

அத்திம்பேரின் பாக்கெட் டைரியில் "முன்சக்கரம், உள்பக்கம் 8 மி.மீ." என்று எழுதி இரண்டு முறை அடிக்கோடிட்டிருந்தது. பேங்க் ஆபீசர் கையெழுத்து, முத்து முத்தாக இருக்கும். அந்த ஒற்றை எண் எங்களைப் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமல்ல. தொண்ணூறுகளின் நடுவில், நான் காலேஜ் முடித்துவிட்டுக் கல்கத்தாவில் அக்கா வீட்டில் இருந்தபோது நடந்தது.

அக்காவுக்கு முதுகில் ஆபரேஷன் ஆகியிருந்தது. தாழ்ந்த சீட்டில் குனிந்து உட்கார முடியாது. பாலிகஞ்சில் அவள் வேலை பார்த்த பள்ளிக்கூடமோ, லீவு முடிந்ததும் வராவிட்டால் வேறு டீச்சரைப் போட்டுவிடுவதாகச் சொல்லிவிட்டது. வேலையும் போனால் அவள் படுக்கையைவிட்டே எழுந்திருக்கமாட்டாள் என்று அத்திம்பேருக்குப் பயம். ஸ்பிரிங்குகளை மாற்றிக் காரையே உயர்த்திவிட்டார். அவள் சிரமமில்லாமல் ஏறினாள், ஆனால் வண்டி நேராகப் போகாமல் அலைந்தது. ஒவ்வொரு உதறலுக்கும் "ஐயோ, நிறுத்துங்கோ" என்று கத்தினாள்.

முன்சக்கரங்கள் உள்பக்கம் திரும்பியிருக்கும் அளவைப் புதிதாக வைக்கவேண்டும், சரி. எவ்வளவு வைப்பது? கம்பெனிப் புத்தகத்தின் கணக்கு பழைய உயரத்துக்கானது. மூன்று பேரைக் கேட்டால் மூன்று எண் சொன்னார்கள். கடைசியில் டாக்குரியாவில் ஒரு கார் மிஸ்திரி வண்டியைச் சுற்றிவந்து, இரண்டு கைகளையும் உள்பக்கம் சாய்த்துக் காட்டி, "எட்டு தாதா, எட்டு" என்றார். பெங்காலியில் தாதா என்றால் அண்ணா. அத்திம்பேர் பூரித்துப்போனார். "நாம தமிழ் மனுஷான்னு தெரிஞ்சுண்டு தமிழ்லயே சொல்றான் பாரேன்!" நம்மவர்கள் நிறைந்த லேக் மார்க்கெட்டில் பெங்காலிக் காய்கறிக்காரர்களே தமிழில் எண்ணும்போது இவர் சொல்லக்கூடாதா என்று நானும் நம்பித் தொலைத்தேன்.

மெஷின் வைத்திருந்த வேறு கடையில் எட்டு மில்லிமீட்டர் வைத்தோம். "இவ்வளவா?" என்று அங்கே இரண்டு தரம் கேட்டார்கள். எட்டுன்னா எட்டுதான் என்று அத்திம்பேர் சாதித்தார். பத்தே நாளில் டயர் ஓரம் செதுக்கியதுபோல் தேய்ந்தது. லீவு முடிய ஒரு வாரம்தான் பாக்கி.

அத்திம்பேர் டாக்குரியா மிஸ்திரியை வீட்டுக்கே கூட்டிவந்தார். "ஆமி தோ எட்டு போலேச்சி!" நான் எட்டுதானே சொன்னேன் என்று மிஸ்திரி கத்த, "நானும் அதைத்தானே வெச்சேன்!" என்று இவர் கத்த, எனக்குத் தலை சுற்றியது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளிடம் பெங்காலி கற்றிருந்த அக்கா, வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஆபரேஷனுக்குப் பிறகு அன்றுதான் அவள் சிரித்துப் பார்த்தேன். "ஏன்னா, அது நம்ம எட்டு இல்லை. பெங்காலி 'ஏக்டு'வை அப்படிச் சொல்றார். கொஞ்சூண்டுன்னு அர்த்தம்!"

"கொஞ்சூண்டுன்னா எத்தனை மி.மீ.?" பேனாவைத் திறந்துகொண்டு நின்றார் அத்திம்பேர். மிஸ்திரியோ, "போஷுன், பௌதி" என்று அண்ணி முறை கொண்டாடி அக்காவை வண்டியில் உட்காரவைத்து, அந்தக் கனத்தோடு நூல் பிடித்து அளந்தார். திருகினார், தெருக்கோடிவரை ஓட்டினார், மறுபடி திருகினார். வண்டி நேராக ஓடியது. டைரியில் எதை எழுதுவதென்று அத்திம்பேருக்குத் தெரியவில்லை.

திங்கட்கிழமை பள்ளிக்கூட வாசலில், வழக்கம்போல் கைகொடுக்க அவர் சுற்றி ஓடிவந்தார். அதற்குள் அக்கா தானே இறங்கி, புடவையை நீவிக்கொண்டு விறுவிறுவென்று உள்ளே போய்விட்டாள். "சொல்லிக்காமப் போறா பார்த்தியா" என்றார் என்னிடம். கண்ணில் ஜலம். சந்தோஷமா வருத்தமா, அவருக்கே புரிந்திருக்காது. நீட்டிய கையை மடக்கத் தோன்றாமல் அப்படியே நின்றுகொண்டிருந்தார்.