காதுக்கும் விரலுக்கும் நடுவே

“கேக்குறது காது, அடிக்கிறது விரல். நடுவுல நான்னு ஒருத்தி கிடையவே கிடையாது.”

இப்படி அறிவித்து, வளையல்களைக் கழற்றி மேசை இழுப்பறையில் போட்ட பிறகுதான் டைப்பிஸ்ட் அக்கா நாற்காலியில் உட்காருவார். வளையல் சத்தம் சாட்சியத்தில் கலந்துவிடக் கூடாதாம்.

போதைப்பொருள் வழக்குகளை மட்டும் விசாரிக்கும் அந்த நீதிமன்றத்தில் அவருக்கு இது இருபத்திரண்டாவது வருடம். கஞ்சா வைத்திருந்தவர், வைத்திருந்தவருக்குப் பக்கத்தில் சும்மா நின்றவர், “பை என்னுதில்லைங்க, பைக்குள்ள இருக்கிற சட்டை மட்டும்தான் என்னுது” என்றவர், எல்லோரும் அவர் விரல் வழியாகத்தான் சிறைக்கோ வீட்டுக்கோ போயிருக்கிறார்கள். விசைப்பலகையில் ‘க’ அழிந்தே போய்விட்டது. கஞ்சா, கைது, காவல், கடுங்காவல் என்று நாள் முழுக்க அடி வாங்கினால் எந்த எழுத்துதான் தாங்கும்?

டீக்கடையில் வக்கீல்கள் மடக்கி, “அக்கா, நேத்து அந்த சாட்சி என்னதான் சொன்னான்?” என்று கேட்டால் பத்து விரலையும் நீட்டுவார். “இதுங்களைக் கேளு தம்பி.” வீட்டிலும் அதே நீதிதான். “மச்சான், உங்க அக்காவுக்குப் பதிலா ஒரு பிரிண்டரைக் கட்டியிருக்கலாம்டா” என்று அவர் கணவர் மைத்துனரிடம் புலம்புவது உண்டு.

போன வாரம் ஒரு லாரி ஓட்டுநருக்குத் தீர்ப்பு நாள். அவர் வண்டியில் ஒரு எவர்சில்வர் டப்பா, டப்பாவுக்குள் கஞ்சா. அதை அவரே மறுக்கவில்லை. கேள்வியெல்லாம் எடையில்தான். ஒரு கிலோவுக்குள் இருந்தால் சட்டம் ஓராண்டோடு விட்டுவிடும். தாண்டினால் பத்தாண்டு வரை வாயைத் திறக்கும். மனிதர் ஏற்கனவே பதினோரு மாதம் உள்ளே இருந்தாயிற்று. காகிதத்தில் இருந்த எடை ஒரு கிலோ அறுபது கிராம்.

காலையில் நடைவழியில் ஓட்டுநரின் மனைவி அக்காவை நிறுத்தினார். “அக்கா, அவர் வந்துடுவாராக்கா?”

“எனக்கு எப்படிம்மா தெரியும்? நான் வெறும் விரலு.”

நீதிபதி தீர்ப்பைச் சொல்லச் சொல்ல அக்கா அடித்துக்கொண்டே போனார். “ஆகவே, கைப்பற்றப்பட்ட கஞ்சா ஒரு கிலோவுக்கு மேல் என்பதால்…”

டக்டக் நின்றது. அந்தத் தாலாட்டை நம்பிக் கண் அயர்ந்திருந்த ஓட்டுநரின் வக்கீல்கூட விழித்துக்கொண்டார்.

“என்னம்மா, மிஷின் நின்னுடுச்சா?” என்றார் நீதிபதி.

“மிஷின் ஓடுதுங்கய்யா.”

“அப்புறம்?”

அக்கா மூன்று மாதத்துக்கு முன் தானே அடித்த சாட்சியத்தில் ஒரு பக்கத்தைக் கொண்டுவந்து, திரையை நீதிபதி பக்கம் திருப்பினார். வக்கீல் தன் வாழ்நாளில் கேட்ட ஒரே நல்ல கேள்வி அதில் இருந்தது. கேட்டதை அவரே மறந்திருந்தார். அதற்கு இன்ஸ்பெக்டர் சொன்ன பதில்: “டப்பாவோடு சேர்த்துத்தான் எடை போட்டோம்.”

நீதிபதி கண்ணாடியை ஏற்றிவிட்டு இரண்டு முறை படித்தார். சான்றுப்பொருள் அறையிலிருந்து டப்பாவும் தராசும் வந்தன. வெறும் டப்பா இருநூற்றுப் பத்து கிராம்.

கடைசி பெஞ்சில் ஓட்டுநரின் மனைவி எழுந்து நின்றுவிட்டார். நீதிபதி முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் வாய் திறக்கவில்லை. அக்காவின் சுண்டுவிரல் மட்டும் மெல்ல நகர்ந்து, ‘மேல்’ என்ற சொல்லை எழுத்தெழுத்தாக அழித்தது.